எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: மரக்கன்று வாங்கி அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் ஞாயிறு காலை எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கோட்டூர்புரம் மரப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறோம். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை நிலம் அது. 2006 முதல் ‘நிழல்’ அறக்கட்டளை அங்கே நாட்டு மரங்களை வளர்த்து வருகிறது.

பிறந்தநாள் கன்று கொடுத்தனுப்பலாமா என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம். நடுவது அரை மணி நேர வேலை. பிறகு இரண்டு மூன்று கோடை தாண்டும்வரை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அதோடு, பூவுக்காக நர்சரியில் வாங்கும் மே ஃபிளவர், இயல்வாகை எல்லாம் பெருங்காற்றுக்கு நிற்பதில்லை. 2016 டிசம்பர் வர்தா புயலின்போது நம் தெருக்களிலேயே பார்த்தோம். ஆற்றங்கரைக்கு நீர்மருது, புங்கன், புன்னைதான் சரி.

ஆகவே பிள்ளைகள் செய்யப்போவது பராமரிப்பு. முதல் வேலை மூடாக்கு: உதிர்ந்த இலைகளைக் கன்றைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புவது. தண்டை ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும். எனவே ஒரு சாண் இடம் விட வேண்டும். இலையோடு வரும் பிளாஸ்டிக்கை முதலில் பொறுக்கியாக வேண்டும். அதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

அடுத்தது, வேகமாகப் பரவும் வெளிநாட்டு மரமான சவுண்டலை (சுபாபுல்) களைவது. முழங்கால் உயரத்துக்குள் இருந்தால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு வந்துவிடும். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். காய் முற்றிய செடியை அங்கேயே போட்டால் விதை விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும். சாக்கில் கட்டி வெளியேற்ற வேண்டும். ஆர்வத்தில் தவறு நடப்பது இங்கேதான்: நாட்டு மரமான வாகையின் கன்றும் சின்னதாக இருக்கையில் சவுண்டல் போலவே தெரியும். ஆசிரியரிடம் காட்டாமல் எதையும் பிடுங்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

நைலான் கயிற்றில் கட்டிய கன்றுகளைத் தென்னங்கயிற்றுக்கு மாற்றுவதும் உண்டு. தண்டு பருக்கப் பருக்க நைலான் பட்டைக்குள் இறங்கிவிடும். கத்தி, அரிவாள் வேலை பெரியவர்களுக்கு மட்டும்.

முழுக்கைச் சட்டை, ஷூ, தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், பழைய சாக்கு ஒன்று. மண்ணில் கண்ணாடித் துண்டு இருக்கலாம், செருப்பு வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம். இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளைகள் அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். கடைசியாக டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்ட ஆண்டை ஒப்புதல் படிவத்தில் எழுதி, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

பள்ளி வாசலில் காலை 6.30, திரும்புவது 9.30. தூறல் என்றால் போகிறோம், களை எடுக்க அதுதான் வசதி. கனமழை என்றால் மறு ஞாயிறு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்