இன்ஜினுக்கு அடியில் கை விடும் முன்: படகு இல்ல நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குக் கடற்கரைக் கழிமுகங்களில் ஸ்பீடு போட் விடும் படகு இல்லங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வேலைக்கு வருகிற படகுகளில் பெரும்பாலும் இன்ஜின் ஆயில் மாற்றியிருக்கிறது, கியர் ஆயில் மாற்றியிருக்கிறது, பிளக் புதிதாக இருக்கிறது. இன்ஜினைத் தூக்கி இறக்கும் ட்ரிம்மை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பட்டனை அமுக்கினால் ஏறுகிறது, இறங்குகிறது, அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். சர்வீஸ் அட்டையிலும் அதற்கென்று ஒரு வரி இருப்பதில்லை. அந்த வரியைச் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆள் பாதுகாப்பு. 115 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 150 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கி நிறுத்துவது 12 வோல்ட் மோட்டார், ஒரு பம்ப், கொஞ்சம் எண்ணெய், அந்த எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் சீல்கள். இவ்வளவுதான். புரொப்பெல்லரில் நைலான் நரம்பு சுற்றிக்கொண்டால் உங்கள் பையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தூக்கிய இன்ஜினுக்கு அடியில் நின்று அறுத்தெடுக்கிறான். தூக்கிய இன்ஜின் இறங்காமல் தாங்கும் டில்ட் லாக் நெம்புகோல் பக்கத்திலேயே இருக்கும். அதைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. கரையில் அடுத்த சவாரிக்கு வரிசை நிற்பதால் அதைப் போடாமலே கையை விடுகிறார்கள். சீல் கிழிந்தாலோ வால்வு விட்டாலோ அத்தனை எடையும் அவன் மேல்தான் இறங்கும். லாக் போடாமல் யாரும் அடியில் போகக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாக்குங்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவனைத் திட்டவும் கூடாது.

சரி, எண்ணெய்க்கு வருவோம். அவுட்போர்டில் இன்ஜினை முழுக்க மேலே தூக்கி, லாக் போட்டு, பிறகுதான் ட்ரிம் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். துளையின் விளிம்பு வரை எண்ணெய் நின்றால் சரி. இன்ஜின் கீழே இருக்கும்போது திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் எண்ணெய் முகத்தில் பீய்ச்சும். இன்ஜின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுற்றும் டிரைவ் மட்டும் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் படகு என்றால் முறையே வேறு: டிரைவை முழுக்க இறக்கிவிட்டுத்தான் தொட்டியில் அளவு பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் நிரப்பினால், இறக்கும்போது ராமிலிருந்து, அதாவது தூக்கும் தண்டு உள்ள சிலிண்டரிலிருந்து, திரும்பும் எண்ணெய் தொட்டிக்கு வெளியே வழியும். இரண்டு வகைப் படகும் வைத்திருக்கும் இடங்களில் இதை மாற்றிச் செய்கிறவர்கள் உண்டு. எண்ணெய் எது என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள், கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்ற வேண்டாம். வருகிற எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெறுமனே நுரைத்தால் காற்று. நாலைந்து முறை ஏற்றி இறக்கிவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி அளவு பாருங்கள். கழித்த எண்ணெயைத் தயவுசெய்து கழிமுகத்தில் கொட்டாதீர்கள். இறாலும் மீனும் குஞ்சு வளரும் தண்ணீர் அது.

நம் ஊரில் எண்ணெயைவிட அதிகம் சேதமாவது ராம்தான். பளபளப்பான அந்தத் தண்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால் உப்பு அரித்து குரோம் பூச்சில் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அராவும். சீலை மட்டும் மாற்றித் தந்தால் சீக்கிரமே மறுபடி ஒழுகும், தண்டையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். ஒட்டியிருக்கும் சிப்பியைக் கத்தியால் சுரண்டுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது, பிளாஸ்டிக் துண்டு போதும். மாலையில் கடைசி சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரால் ராமையும், இன்ஜினைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் கழுவச் சொல்லுங்கள். பிராக்கெட்டில் இருக்கும் அனோடு, அதாவது மற்ற பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி, பாதி கரைந்தால் மாற்றுங்கள். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த அனோடு எதையும் காக்காது. உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீருக்குத் துத்தநாகத்தைவிட அலுமினிய அனோடு நல்லது.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். இரவில் இன்ஜினைத் தூக்கி, ராமில் சீலை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் லாக் வேண்டாம், ஆளும் பக்கத்தில் போக வேண்டாம். காலையில் கோடு உள்ளே போயிருந்தால் அந்தப் படகு அன்று சவாரிக்குப் போகக் கூடாது.

டிரைவர் அண்ணன்மார் சொல்வதையும் கேளுங்கள். ரிவர்ஸ் போட்டால் இன்ஜின் தானாக மேலே எழுகிறது என்றால், கையால் தூக்குவதற்காகத் திறந்த ரிலீஸ் ஸ்க்ரூவை யாரோ திருப்பி முறுக்காமல் விட்டிருக்கலாம். முன்னால் ஓடும்போது மணல்திட்டில் இடித்தால் அதிர்ச்சி வால்வு இன்ஜினை மேலே விட்டுக்கொடுத்துக் காப்பாற்றும். பின்னால் வரும்போது அந்தக் காப்பு கிடையாது. முகத்துவாரம் மண் மூடி ஆழம் குறையும் மாதங்களில் ஜெட்டியில் பின்னால் எடுக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் படகுகளைக் கரையேற்றுவீர்கள். அப்போதே ட்ரிம் வேலையைத் தொடங்கிவிடலாம். டிரெய்லரில் ஏற்றி அனுப்பும்போது டில்ட் லாக்கை மட்டும் நம்பாதீர்கள், குலுக்கலில் விடுபட்டு இன்ஜின் விழும். தனியாகத் தாங்குகட்டை கொடுத்து அனுப்புங்கள். எந்தப் படகு இல்லத்துக்கும் உங்கள் பையன்களுக்கு நேரில் வந்து செய்து காட்ட நான் தயார். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அவுட்போர்டு மெக்கானிக்