சின்னமலையின் தலைப்பாகை

அன்புள்ள கண்ணு,

நலமா? இங்கே அப்பாவும் நானும் நலம். அம்மாப்பேட்டை வீட்டு மாடி அறையில், நீ விட்டுப்போன ஈசல் சட்டத்தில், கான்வாஸ் மேல் இப்போது தீரன் சின்னமலை நிற்கிறார். பழைய வரலாற்றுப் புத்தகத்தில் இருந்த கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். "பார்த்து வரைவதெல்லாம் ஓவியமாம்மா? அதனால்தான் நான் விட்டுட்டேன்" என்று நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கட்டம் போட்டுப் பெரிதாக்குவது உனக்கே தெரியும். அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. கோட்டுப்படத்தில் மீசை, வாள், தலைப்பாகையின் மடிப்பு எல்லாம் உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் எண்ணெய் வண்ணத்தில் ஒரு மூக்கைக்கூட எழுப்ப முடியாது. அதனால் அப்பாவுக்குத் துண்டால் தலைப்பாகை கட்டி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று ஓவியப் புத்தகங்கள் சொல்லும். நம் ஊரிலோ ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால் அங்கேதான் வெயில் அடிக்கிறது. தெற்கு ஜன்னலில்தான் சீரான வெளிச்சம்.

அப்பா முகத்தை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். ஆனால் தலைப்பாகையின் நிழல் அவர் நெற்றியில் கறுப்பாக விழவில்லை, செம்பழுப்பாக விழுகிறது என்பதை இப்போதுதான் கண்டேன். மீசைக்குக்கூடக் கறுப்பு டியூபைத் தொடவில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பையும் குழைத்தால் உயிருள்ள இருட்டு ஒன்று கிடைக்கிறது.

இன்னொன்று. சின்னமலை 1756இல் பிறந்தவர், 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். 1801இல் இருந்து கும்பெனிப் படையோடு மோதியபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். புத்தகப் படத்திலோ கல்லூரிப் பையன் போல வழவழப்பான முகம். நான் கண்ணோரத்தில் சுருக்கம் வைத்தேன், மீசையில் இரண்டொரு நரையும். இதெல்லாம் பார்த்து வரைந்ததால் எழுந்த கேள்விகள் கண்ணு. வெறும் கான்வாஸ் முன்னால் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது.

டச்சு ஓவியர் வான்கா 1889-90இல் பிரான்ஸில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் வைத்துக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். வண்ணமெல்லாம் அவர் தேர்ந்தெடுத்தவை. தியாகராஜர் கீர்த்தனையை ஒருவர் பாடினால் அவருக்குச் சொந்தச் சரக்கு இல்லை என்றா சொல்கிறோம்? யாருடைய படம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நீ மறுபடி தொடங்கினால் நினைவில் வைத்துக்கொள். அடிப்பூச்சு டர்பன்டைனில் நீர்த்த பழுப்பாக இருக்கட்டும். எண்ணெய் அதிகமுள்ள பூச்சு மேலே வரவேண்டும், மாற்றிச் செய்தால் பின்னாளில் பூச்சு வெடிப்பு விடும். இந்த வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் அவசரப்படுத்த முடியாது. அப்புறம், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிடு. அந்தச் சின்ன ஃபிளாட்டில் இதை மறக்கவே கூடாது.

ஆடிப்பெருக்குக்குள் முகத்தை முடித்துவிட நினைக்கிறேன். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், எப்படியும் தை வந்துவிடும். பொங்கலுக்கு வரும்போது நீயும் ஏதாவது ஒரு படத்தைப் பார்த்து வரைந்து எடுத்து வா. பக்கத்தில் மூலப்படத்தையும் வைத்து, எதை அப்படியே விட்டாய், எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா