ஏற்காட்டுச் சரிவில் இரண்டு திறப்புகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், நிம்மதியாக இருந்தது. சென்ற வாரம், மழை சற்று ஓய்ந்திருந்த நாளொன்றில், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போய்வந்தேன். கல்லூரி நாட்களில் நாம் ஓயாமல் வாதிட்டது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கூடவே வந்தது: ஒரு சரிவில் எந்தச் செடி நிற்கும் என்பதை மண்ணும் மழையுமா தீர்மானிக்கின்றன, தற்செயலா?

நீங்கள் மண்ணின் பக்கம் நின்றீர்கள். அடிவாரத்து உசிலையும் முள்மரங்களும், 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டின் ஈரமும் குளிரும் நெருங்க நெருங்கப் பின்தங்கிவிடுவதைப் பார்க்கும்போது, உங்களை மறுக்க முடியவில்லை. சேலத்தை ஒட்டிய கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் என்னும் மக்னீசியத் தாதுவை வெட்டும் கரடுகளும் உங்கள் கட்சிதான். மக்னீசியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைந்த மண் எல்லாச் செடிக்கும் இடம் தருவதில்லை.

ஆனால் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில், காற்றில் மரம் சாய்ந்து உண்டான இரண்டு திறப்புகளைக் கண்டேன். இருபது அடி இடைவெளி; ஒரே சரிவு, ஒரே செம்மண். ஒன்றில் கை நுழைய இடமின்றி உண்ணிச்செடி. மற்றதில் ஆளுயரத்துக்கு வட்டக்கண்ணி மரக்கன்றுகள். இரண்டின் விதையையும் பறவைகளே பரப்புகின்றன. எந்த விதை முதலில் வந்து விழுந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. கொண்டைக்குருவி ஒன்று அன்று வேறு கிளையில் அமர்ந்திருந்தால் காட்சியே மாறியிருக்கும்.

என் மனத்தை வெகுநேரம் பிடித்துவைத்தது அதற்கடுத்த விஷயம். முதலில் வந்த உண்ணி வெளிச்சத்தை மறைத்துவிட்டதால், பின்னால் வரும் விதைக்கு அந்த நிழலே சூழலாகிவிடுகிறது. அதாவது நேற்றைய தற்செயல் இன்றைய சூழலாக நிற்கிறது. செடிக்கூட்டம் ஓர் உயிரினம்போல ஒழுங்காக வளர்கிறது என்று தாவரச் சூழலியலாளர் கிளெமென்ட்ஸ் சொன்னதை, ஒவ்வோர் இனமும் தன் போக்கில் வந்து சேர்கிறது என்று 1926-இல் அதே துறையைச் சேர்ந்த கிளீசன் மறுத்தார். 2001-இல் ஹப்பல் என்ற சூழலியலாளர் தற்செயலுக்கே பெரும் பங்கு தந்தார். நாம் தனித்தனியாகப் பிரித்து வாதிட்ட இரண்டும் அந்தச் சரிவில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணியும், காப்பிக்கு நிழலாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கும் இம்மலையில் இப்படிப் பரவி நிற்பதை வேறு எப்படிச் சொல்வது?

ஐப்பசியில் கட்டாயம் வாருங்கள். இரண்டு திறப்புகளையும் சேர்ந்தே பார்ப்போம். உண்ணிப் புதருக்குள் ஒரு வட்டக்கண்ணிக் கன்றாவது தலைநீட்டியிருந்தால், என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்
சேலம்