ரிசல்ட் வந்த மறுநாள் என் கடை வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்காக

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஆரம்பித்து 11 வருடமாகிறது. நீங்கள் படிக்க வைத்து அனுப்பும் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வந்ததும் முதலில் வந்து நிற்கிற இடங்களில் என் கடையும் ஒன்று. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே பத்துப் பதினைந்து பேர் வாசலில் இருப்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஓரம் மடங்கிய ஆதார், ரேஷன் கார்டு நகல், ஒரு போட்டோ. "அக்கா, காலேஜுக்கு அப்ளிகேஷன் போடணும்." எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ் என்று கேட்டால் பதில் வராது. கூட வந்த தோழியின் முகத்தைப் பார்ப்பார்கள். "அவ என்ன போடுறாளோ அதையே போடுங்க அக்கா."

பன்னிரண்டு வருடம் படித்த ஒரு பிள்ளை அடுத்த மூன்று, நான்கு வருடத்தை என் கீபோர்டு முன்னால் நின்று ஐந்து நிமிடத்தில் முடிவு செய்கிறது. பின்னால் வரிசை நிற்கிறது, நானும் அவசரப்படுத்துகிறேன். அந்த ஐந்து நிமிடத்தைப் பிளஸ் ஒன்னிலேயே, அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு வருடமாக நீட்டித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ரிசல்ட்டுக்கும் கல்லூரி சேர்க்கைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்களில் பிள்ளை யார் பொறுப்பிலும் இல்லை. உங்கள் வருகைப் பதிவேட்டில் பெயர் முடிந்துவிட்டது, கல்லூரிப் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை. வீட்டில் அப்பாவோ அம்மாவோ திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள். எல்லாச் சான்றிதழும் தேவைப்படுவது அப்போதுதான்.

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு படியாக நகர வேண்டும். ஜூன் மாதத்தில் தாலுகா முழுவதும் ஒரே நேரத்தில் போட்டால் எந்த வி.ஏ.ஓ.வால் சமாளிக்க முடியும்? சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தாரோடு முடிவதில்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்திலிருந்து வர வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்து ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம் செல்லும். பிளஸ் டூ அரையாண்டு முடிந்ததும் ஜனவரியில் வாங்கி வைத்தால் சேர்க்கை முடியும்வரை போதும். சாதிச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பிளஸ் ஒன்னிலேயே கையில் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஒரு பீரியட் போதும், யார் வாங்கிவிட்டார்கள் என்று மறுபடி கேட்க இன்னொரு பீரியட்.

அப்புறம் பெயர். மார்க்‌ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. பள்ளியில் 'எம்.', ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பிறந்த தேதி ஒரு நாள் முன்பின். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், போகும் முன்பே பெற்றோரை வரவழைத்து நீங்கள் சரிபார்க்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடும் பல அம்மாக்களுக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாது. பிள்ளையையே உட்கார வைத்து, ஆதாரையும் பள்ளிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். மார்க்‌ஷீட் அச்சான பிறகு அதில் திருத்தம் வாங்குவது பெரிய அலைச்சல். ஆதாரை மார்க்‌ஷீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை, பிளஸ் ஒன்னில் நேரமும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை அரிக்கிற விஷயம் போன் நம்பர். மூன்று வருடம் முன்பு ஒரு பெண் வந்தாள். அரசுப் பள்ளி, கணக்கில் கெட்டி. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் இருந்தது ஒரே போன், அது சித்தப்பாவுடையது, அந்த நம்பரைக் கொடுத்தாள். விருப்பமான கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியை முதலில் வைத்தோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அதுவே கிடைத்தது. சித்தப்பா அதற்குள் கட்டட வேலைக்கு பெங்களூர் போய்விட்டார், சிம்மும் மாற்றிவிட்டார். இடம் கிடைத்ததே அவளுக்குத் தெரியாது. வந்த இடத்தைக் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும் என்பதும் தெரியாது. நான்கு நாள் கழித்து என் கடைக்கு வந்தாள். பாஸ்வேர்டு நினைவில்லை, மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. அந்தப் பழைய நம்பருக்குப் போகிறது. இடம் போய்விட்டது.

அந்த 7.5 சதவீதம் 2021-ல் பொறியியலுக்கு வந்தபோது படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்றார்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்திருக்க வேண்டிய படிப்பு அது. இதில் என் தவறும் இருக்கிறது. இது யாருடைய நம்பர், அவர் ஆகஸ்ட் வரை ஊரில் இருப்பாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். கடை ஆரம்பித்த புதிதில் போன் இல்லாத பிள்ளைகளுக்கு என் நம்பரையே போட்டுக் கொடுத்திருக்கிறேன், உதவி என்று நினைத்து. அதை நிறுத்திவிட்டேன்.

ஆகவே பிளஸ் டூ முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறாத ஒரு நம்பர், தானே திறக்கத் தெரிந்த ஒரு மெயில், பாஸ்வேர்டுகளை எழுதி வைக்க வீட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஹைடெக் லேபில் வாரம் ஒரு பீரியட் கொடுத்தால், மெயில் திறப்பது, ஒரு படிவத்தை நிரப்புவது, சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றுவது எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்து பழகிவிடுவார்கள். என் கடைக்கு வருமானம் குறையும். குறையட்டும்.

வங்கிக் கணக்கும் இப்படித்தான். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-லும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன, மாதம் 1,000 ரூபாய். பணம் வரவில்லை என்று ஓடி வருகிற பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் பணம் வந்திருக்கும், வேறொரு கணக்கில். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் அது போய் விழும். ஏதோ ஒரு திட்டத்துக்காக அம்மா வேறு வங்கியில் திறந்து கொடுத்த கணக்கு, பாஸ்புக் எங்கே என்றே தெரியாது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். ரிசல்ட் வருவதற்கு முன்பே பிள்ளைகளின் நம்பர் தனியார் கல்லூரி ஏஜென்ட்டுகள் கைக்கு எப்படியோ போய்விடுகிறது. பைக்கில் வீட்டுக்கே வருகிறார்கள். "சீட் தீர்ந்துபோகும், 5,000 கட்டுங்க, ஒரிஜினலைக் கொடுங்க" என்று அம்மாவிடம் பேசுகிறார்கள். ஒரு பையன் அப்படிக் கொடுத்துவிட்டு, பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தும் டி.சி.யைத் திரும்ப வாங்க முடியாமல் மூன்று வாரம் அலைந்தான். ஒரிஜினல்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. அது அந்தப் பையனுக்கும் தெரியாது, அவன் அம்மாவுக்கும் தெரியாது. ஏஜென்ட் வாசலில் வந்து நிற்கும்போது அவர்கள் காதில் இருக்க வேண்டியது உங்கள் குரல். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். நான் சொன்னால், 'கடைக்காரி ஏதோ சொல்கிறாள்' என்பதோடு போய்விடும்.

2022-லிருந்து அரசின் 'நான் முதல்வன்' வழிகாட்டுத் திட்டம் இருக்கிறது, அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்கிறது, சேராமல் விட்டவர்களுக்கு 'உயர்வுக்குப் படி' முகாம் போடுகிறார்கள். அதிலெல்லாம் பலன் பெற்ற பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே உண்டு. ஆனால் மண்டபத்தில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து கேட்டது வீட்டுக்குப் போவதற்குள் கலைந்துவிடுகிறது. ஒரு நாள் பஸ் ஏற்றி அவர்களை அரசுக் கலைக் கல்லூரிக்கும் ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு வராதவன் போகிற இடம் என்று இங்கே இன்னமும் ஒரு நினைப்பு. அங்கே லேத் முன்னால் நிற்கிற பையனிடம் இவர்களைப் பேச விடுங்கள். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை நான் சொல்லித்தான் பல வீடுகளுக்குத் தெரிகிறது.

எல்லோரும் கல்லூரிக்குப் போகப் போவதில்லை. ஓசூர், திருப்பூர் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க ஊருக்கே வேன் வருகிறது. அப்படிப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது, சம்பளச் சீட்டைப் படிப்பது. பி.எஃப்.க்கு 12 சதவீதம் எதற்குப் பிடிக்கிறார்கள், இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் எங்கே வைத்தியம் பார்க்கலாம், யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் நம்பர் என்ன. பி.எஃப். பணம் எடுக்க என்னிடம் வரும் பெண்களில் சிலருக்கு மூன்று கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்து மூன்று யு.ஏ.என். இருக்கும். ஒருவருக்கு ஒரே நம்பர்தான், அதையே அடுத்த இடத்திலும் கொடுக்க வேண்டும் என்று பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால் இத்தனை சிக்கல் இல்லை.

தேர்ச்சி பெறாதவர்கள் என் கடைக்கு வருவதே இல்லை. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைக்கு வகுப்பாசிரியரிடமிருந்து ஒரு போன் போனால் போதும், மறுநாளே வந்துவிடுகிறது. சில ஆசிரியர்கள் அப்படிக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் பள்ளிப் பிள்ளைகளை என் கடையில் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரியும், பையில் தாள்கள் அடுக்காக இருக்கும்.

உங்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்வுப் பணி, தேர்தல் பணி, அதோடு ரிசல்ட் சதவீதம் என்ற அழுத்தம் வேறு. நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 2017-18-ல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-ல் எடுத்துவிட்டார்கள். பல வருடத்துக்குப் பிறகு அந்த வகுப்புக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. சில தனியார் பள்ளிகள் முன்பு செய்ததுபோல அந்த இடத்தில் பிளஸ் டூ பாடத்தைக் கொண்டுவந்து திணிக்கச் சொல்லி உங்களையும் நெருக்குவார்கள். தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். வாரம் ஒரே ஒரு பீரியடை இதற்கென்று டைம்டேபிளில் எழுதி வையுங்கள்.

என் கடையில் ஆறு சிஸ்டம், ஒரு ஸ்கேனர் இருக்கின்றன. பொங்கல் முடிந்து வரும் சனிக்கிழமைகளில் கடையைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்காகத் திறந்து வைக்கிறேன், காசு வேண்டாம். ஒரு வகுப்பில் பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். சான்றிதழ் விண்ணப்பம் போடுவது எப்படி என்று அவர்கள் கையாலேயே செய்ய வைத்து அனுப்புகிறேன். எந்த வாரம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலைப் பிள்ளைகள் வருகிற நாளில் கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுகிற மாதிரி காலையிலேயே திறந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டர் அக்கா