முக்கால் நொடி

அன்புள்ள மகளுக்கு,

எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட அனுமதிச் சீட்டு கிடைத்த செய்தியும், "600 மீட்டரில் சுடலாமா அப்பா?" என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தன. துப்பாக்கியால் முடியுமா என்றால், முடியும். நல்ல 6.5 கிரீட்மோர் ரகத் துப்பாக்கி, குறியை ஏற்றி இறக்கக் கிளிக் எண்ணித் திருப்பும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), லேசர் தூரமானி மூன்றும் கையில் இருந்தால் அந்தத் தூரத்தில் ஓர் இரும்புத் தகட்டை அடிக்கச் சில வாரப் பயிற்சி போதும். ஆனால் தகடு நகராது, அடி தப்பினால் அதற்கு வலிக்காது. உயிருக்குக் கணக்கு வேறும்மா. அதை முழுதாகவே எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

நீ வாங்கியிருக்கும் 143 கிரெயின் எடைக் குண்டு குழல்வாயை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 500 மீட்டரைத் தொட அதற்குக் கிட்டத்தட்ட முக்கால் நொடி ஆகும். மேய்ந்துகொண்டே நடக்கும் மான் அந்த நேரத்தில் முக்கால் மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு குடலில் போய் விழ அந்த ஓர் எட்டு போதும். நீ எவ்வளவு பழகியிருந்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கோப் வைத்திருந்தாலும் அந்த முக்கால் நொடி உன் கையில் இல்லை, அது விலங்கின் கையில் இருக்கிறது. மற்ற பிழைகளையெல்லாம் பயிற்சியால் குறைக்கலாம், இதை மட்டும் குறைக்க முடியாது. நெருங்கிப் போவது ஒன்றுதான் வழி. 150 மீட்டரில் குண்டு போக ஐந்தில் ஒரு நொடிகூட ஆகாது. காது எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கால் தூக்கத் தயாராகிறது என்பதெல்லாம் அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது காற்று. நெடுந்தூரச் சூட்டில் அடி தப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். குறுக்குக் காற்றை மணிக்கு 7 கிலோமீட்டர் தவறாக மதிப்பிட்டாய் என்று வை. 300 மீட்டரில் உன் குண்டு 6, 7 செ.மீ. விலகும், அது பரவாயில்லை. 500 மீட்டரில் அதே தவறு 20 செ.மீ. ஆகும். 600 மீட்டரில் 28 செ.மீ. எல்க்கின் நுரையீரலும் இதயமும் சேர்ந்த பகுதி 30 முதல் 35 செ.மீ. அகலம்தான். நடுவில் குறிவைத்தவளுக்கு இரு பக்கமும் 15, 17 செ.மீ. மட்டுமே மிச்சம். அதைவிடச் சிறிய மியூல் மான் என்றால் அதுவும் இல்லை. 7 கிலோமீட்டர் என்பது முகத்தில் லேசாக உணரும் காற்றுக்கும் இலை அசையும் காற்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். கையில் வைத்திருக்கும் காற்றுமானி நீ நிற்கும் இடத்தைத்தான் அளக்கும். நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் காற்று எதிர்ப்பக்கமாக வீசினாலும் அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் கானலைப் படிக்கக் கற்றுக்கொள். ஸ்கோப்பை விலங்குக்குச் சற்று முன்னால் குவியம் வைத்தால் வெயிலில் காற்று நெளிவது தெரியும். நெளிவு நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது உன்னை நோக்கியோ உன்னைவிட்டு விலகியோ வீசுகிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய குறுக்குக் காற்று. தரையோடு தட்டையாக ஆறு போல ஓடினால் வேகமான காற்று. அதற்கு மேல் எவ்வளவு வேகம் என்று கானல் சொல்லாது. ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது திடீரெனக் கொதிக்க ஆரம்பித்தால் காற்று திசை மாறப்போகிறது என்று அர்த்தம், அப்போது விசையிலிருந்து விரலை எடுத்துவிடு. மலைச்சரிவில் வெயில் ஏறியதும் காற்று மேல்நோக்கிப் போகும், மாலையில் கீழ்நோக்கி இறங்கும். இரண்டும் மாறும் வேளையில் எந்த மதிப்பீடும் நிற்காது. விலங்குகள் மேய வெளியே வருவதும் அந்த வேளையில்தான் என்பது நமக்குக் கஷ்டகாலம்.

தூரப் பிழை இப்போது குறைந்துவிட்டது, ஆனால் போய்விடவில்லை. 200 மீட்டரில் குறிவைத்த இடத்திலேயே அடி விழும்படி சமன் செய்த உன் துப்பாக்கியின் குண்டு 500 மீட்டரில் ஏறத்தாழ 1.4 மீட்டர் கீழே இறங்கியிருக்கும், அதுவும் மேலும் செங்குத்தாக இறங்கிக்கொண்டே. அங்கே 30 மீட்டர் தவறாக அளந்து கிளிக் போட்டால் அடி ஏறத்தாழ 16 செ.மீ. மேலேயோ கீழேயோ போகும். லேசர் கற்றை மெல்லிய கோடு அல்ல, தூரம் போகப்போக அகலும். விலங்குக்கு முன்னால் உள்ள புல்லையோ பின்னால் உள்ள மேட்டையோ அது பிடித்துவிடலாம். மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் நம்பு. சரிவில் மேலேயோ கீழேயோ சுடும்போது கிடைமட்டத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்: 30 பாகைச் சரிவில் 500 மீட்டர் என்றால் 433 மீட்டருக்கான கிளிக் போடு. உன் தூரமானி இதைத் தானே செய்கிறதா, இல்லையா என்று வீட்டிலேயே பார்த்து வை. அதுவும் திருத்தி, எத்தனை கிளிக் என்று கணக்கிட்டுச் சொல்லும் கைபேசி ஆப்பும் திருத்தினால் இரட்டைத் திருத்தமாகிவிடும்.

ஆப்பில் இன்னொரு பொறி உண்டு. வானிலை அறிக்கையில் வரும் காற்றழுத்தம் கடல்மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்டது. 2,500 மீட்டர் உயர மலையில் நின்று அந்த எண்ணை இடத்தின் அழுத்தம் என்று உள்ளே போட்டால், அடர்ந்த காற்று என்று நினைத்து ஆப் கூடுதல் கிளிக் சொல்லும், குண்டு மேலே போகும். கருவியே அளந்த, அந்த இடத்து அழுத்தத்தைத்தான் போட வேண்டும்.

துப்பாக்கியின் சாய்வைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலைச்சரிவில் கண்ணுக்கு எது நேர் என்பதே குழம்பிப்போகும். 5 பாகை சாய்த்துப் பிடித்தால் 500 மீட்டரில் சுமார் 20 செ.மீ. பக்கவாட்டில் விலகும். ஸ்கோப் குழாயில் ஒரு சின்னக் குமிழ்மட்டம் மாட்டினால் இந்தப் பிழை தீர்ந்தது, இதற்குத் தயங்காதே. ஸ்கோப் திருகு சொன்னபடி நகர்கிறதா என்பதையும் பார். 100 மீட்டரில் உயரமான தாளில் செங்குத்துக் கோடு கிழித்து, அடியில் ஒரு புள்ளிக்குக் குறிவைத்துச் சுட்டு, 10 மில் (100 மீட்டரில் ஒரு மில் என்பது 10 செ.மீ.) ஏற்றி அதே புள்ளிக்கே குறிவைத்து மறுபடி சுடு. இரண்டாவது துளை சரியாக 1 மீட்டர் மேலே, கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். 97 செ.மீ.தான் ஏறியிருந்தால் அந்த எண்ணை ஆப்பில் திருத்து.

குண்டு போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, உள்ளே விரியவும் வேண்டும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் விரிய நொடிக்கு 550 மீட்டர் அளவு வேகமாவது தேவை. உன் குண்டு அந்த வேகத்துக்கு 620 மீட்டர் வாக்கில் இறங்கிவிடும். முழுச் செம்புக் குண்டுகள் பலவற்றுக்கு இன்னும் கூடுதல் வேகம் வேண்டும், அதனால் எல்லை இன்னும் முன்னால் வந்துவிடும். ஈயத் துணுக்கு இறைச்சியிலும், மிச்சத்தைத் தின்னும் கழுகுகளிலும் சேர்வதால் செம்பு நல்ல தேர்வு. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமற்ற குண்டைக் கட்டாயமாக்கிவிட்டது. தூரத்தைக் குறைத்துக்கொண்டு செம்புக்கு மாறுவதைத்தான் நான் சொல்வேன். எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்று பழைய வேட்டைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். உன் குண்டு 350 மீட்டர் தாண்டியதும் அதற்குக் கீழே போய்விடுகிறது. அது வேதவாக்கு இல்லை, குண்டின் அமைப்பும் வேகமும் அதைவிட முக்கியம். ஆனாலும் எல்க்கின் தோள் எலும்பை நினைத்தால் அந்தக் கணக்கு பொருளில்லாதது என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டிக்கான குண்டை மட்டும் வேட்டைக்கு எடுத்துப் போகாதே. அது தாளில் துளை போடச் செய்தது. உடலுக்குள் ஊசிபோல ஊடுருவிப் போகலாம், மேற்பரப்பிலேயே சிதறவும் செய்யலாம், எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி உன் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். மேசையும் மணல்மூட்டையும் வேண்டாம். 20 செ.மீ. காகிதத் தட்டு ஒன்றை மாட்டு. எல்க்குக்கு இது சிறியது என்பாய். காட்டில் நடுக்கம் சேரும்போது அந்த வித்தியாசம் தேவைப்படும். மேட்டில் வேகமாக ஏறி இறங்கி, மூச்சிரைக்க முதுகுப்பையை வைத்துப் படுத்து, ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஒரு குண்டு சுடு. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் மறுபடி ஒன்று. குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டுதான் விலங்குக்குப் போகும் குண்டு. சுட்டுச் சூடான பிறகு வரும் அழகான மூன்று குண்டுக் கூட்டம் உனக்கு எதையும் சொல்லாது. இப்படிப் பல நாள்களில் சுட்ட பத்தும் எந்தத் தூரத்தில் தட்டுக்குள் விழுகின்றனவோ, அதுதான் காற்றில்லாத நாளில் உன் எல்லை. பத்தில் ஒன்பது என்றால் இன்னும் குறைந்த தூரத்துக்கு வா. காற்று இருந்தால் அதிலிருந்து கால்வாசியைக் கழி. பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சோதனையில் வரும் எண் அவர்கள் நினைத்ததில் பாதியாக இருக்கும், உனக்கும் அப்படி வந்தால் மனம் சோர்ந்துவிடாதே.

சுடும் நேரத்தில் விலங்கு பக்கவாட்டாக, அசையாமல், தலை தாழ்த்தி மேய வேண்டும். முன்னங்கால் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் அடியிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே குறி. பின்னால் இன்னொரு எல்க் நிற்கவில்லை என்று பார். குண்டு ஊடுருவி அதையும் காயப்படுத்தும். சுட்டதும் தலையைத் தூக்காமல் உடனே அடுத்த தோட்டாவை ஏற்று. விலங்கு நின்றுகொண்டிருக்கும்வரை மறுபடி சுடு, முதல் அடி நன்றாக விழுந்தது என்று தோன்றினாலும் சுடு.

500 மீட்டரில் அடித்த சத்தம் உன் காதுக்கு வர இரண்டு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் பின்னுதைப்பில் விலங்கைப் பார்வையிலிருந்து இழந்திருப்பாய். அதனால்தான் பக்கத்தில் ஒருவர் தொலைநோக்கியோடு இருக்க வேண்டும் என்கிறேன். அடி விழவில்லை என்று தோன்றினாலும் போய்ப் பார்க்காமல் வராதே. தூரத்தில் பட்ட எல்க் எதுவும் நடக்காததுபோல நடந்து மரங்களுக்குள் போய்விடும்.

இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். எதிர்ச்சரிவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நீ பார்த்த பாறையும் மரமும் வேறு மாதிரி தெரியும். கிளம்பும் முன் சரிவைப் படம் எடு, திசைகாட்டியில் கோணம் குறி, தூரத்தை எழுது, சுட்ட இடத்தில் பளிச்சென்ற நாடா ஒன்றைக் கட்டு. அங்கிருந்து திரும்பி நாடாவை அளந்தால் நீ சரியான தூரத்தில் நிற்கிறாயா என்று தெரிந்துவிடும். இரத்தம் நுரைத்து இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறு. கரும்சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணி நேரமாவது வேண்டும். பச்சையாகக் கசண்டும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விடு. உடனே துரத்தினால் படுக்கப்போன விலங்கு எழுந்து மைல்கணக்கில் போய் எங்கோ சாகும். பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி வரை சுடச் சட்டம் அனுமதிக்கும். குறுக்கே பள்ளத்தாக்கு இருந்து அங்கே போகவே ஒரு மணி நேரம் ஆகுமென்றால், அந்த நேரத்தைக் கழித்துவிட்டு உன் கடைசி சூட்டு நேரத்தை முடிவு செய்.

நியாயத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய அமெரிக்க வேட்டைக்காரர் சங்கமான பூன் அண்ட் கிராக்கெட் கிளப், விலங்கின் மேல் வேட்டைக்காரர் முறையற்ற சாதகம் எடுக்கக் கூடாது என்பதை வேட்டை அறத்தின் அடிப்படையாக வைத்திருக்கிறது. நெடுந்தூரச் சூட்டுக்கு அவர்கள் மீட்டர்க் கணக்கு எதுவும் சொல்லவில்லை, நோக்கத்தைத்தான் கேட்கிறார்கள்: எவ்வளவு தூரத்தில் அடிக்க முடியும் என்று உயிரை வைத்துச் சோதிப்பது வேட்டை ஆகாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் ஸ்கோப், தோள்வார் எல்லாம் சேர்த்து 16 பவுண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கியால் பெருவிலங்கு வேட்டையே கூடாது என்கிறது. நீ போகும் மாநிலத்து விதிப்புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்துவிடு. வாக்கி-டாக்கி, மின்னணு ஸ்கோப் பற்றியெல்லாம் இடத்துக்கு இடம் விதி மாறும்.

கிட்டத்தில் சுடுபவர்களும் காயப்படுத்துகிறார்களே, வில்வேட்டையிலும் விலங்கு தப்பிப்போகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் எல்க்குக்கு மூக்கும் காதும் கண்ணும் இருப்பது நம்மைக் கண்டுபிடித்துத் தப்பத்தான். 100 மீட்டரில் காற்று மாறினால் அது உன்னை முகர்ந்து ஓடிவிடும், நீ வெறும் கையோடு திரும்புவாய். 600 மீட்டரில் அந்த மூன்றும் அதற்கு அநேகமாக உதவாது. தப்பிக்கும் வாய்ப்பை அதனிடமிருந்து எடுத்துவிட்டு, காற்றிலும் அந்த முக்கால் நொடியிலும் உள்ள ஆபத்தை மட்டும் அதன் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நெடுந்தூரப் பயிற்சி செய், தகட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுடு. அந்தப் பயிற்சி 250 மீட்டரில் உன்னை அசைக்க முடியாதவளாக்கும். எல்க்கைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது பதுங்கி நெருங்கும் வழியை: காற்று முகத்தில் படும்படி, மேட்டின் மறைவில். வழியே இல்லை, தூரமும் உன் எல்லைக்கு வெளியே என்றால் அன்று பார்த்துவிட்டு வா.

தட்டுச் சோதனையை இந்த வாரமே தொடங்கு. ஒவ்வொரு குண்டுக்கும் தூரம், காற்று, அழுத்தம், வெப்பம், அடி விழுந்த இடம் ஐந்தையும் நோட்டில் எழுதி, பத்து முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. காற்றை எத்தனை முறை குறைத்து மதிப்பிட்டிருக்கிறாய் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா