95 காட்டுகிறது என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்து மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். போன மழைக்காலத்தில் ஓர் இரவு, மூச்சிரைத்த அப்பாவை ஆட்டோவில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். முப்பது வருடம் கடலுக்குப் போன உடம்பு. கன்னங்கரேல் நிறம், வலை இழுத்துக் காய்த்த விரல். அதில் ரத்தத்து ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப்பை (பல்ஸ் ஆக்சிமீட்டர்) மாட்டினார்கள். 95. "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார் பணியில் இருந்தவர். அப்பாவோ தண்ணீர் கேட்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

விடிகாலையில் வேறோர் இடத்தில் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஆக்சிஜன் 86. இடையில் குறைந்திருக்கும் என்பீர்கள். அதே நேரத்தில் விரல் கிளிப் 93 காட்டிக்கொண்டிருந்ததே!

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கிளிப்புக்குள் இரண்டு விளக்குகள்: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பொளியைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஏறாதது விழுங்கிவிடும். அகச்சிவப்பில் இது தலைகீழ். தோலும் நகமும்கூட ஒளியைக் குடிக்கும்தான். ஆனால் நாடியோடு சேர்ந்து ஏறி இறங்குவது தமனி ரத்தம். அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கும் யோசனை 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகிக்கு வந்தது. அபாரமான மூளை, சந்தேகமே இல்லை.

ஆனாலும் கருத்த தோலில் கணக்கு பிசகுகிறது. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அவர்கள் வேறு, நாம் வேறு, சரி. காசிமேட்டு வெயிலில் கருத்த விரல்கள் எந்தக் கணக்கில் வரும்?

கிளிப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மருதாணி, நகப்பூச்சு இருந்தாலோ, விரல் சில்லிட்டிருந்தாலோ வேறு விரலில் மாட்டுங்கள். தீப்புகைக்குள்ளிருந்து வந்தவரிடம் அதை நம்பவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே காட்டும். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி, சீட்டில் கிளிப் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பேச்சே முடியாமல் திணறுகிறவருக்கு, எண் என்ன சொன்னாலும், தமனி ரத்தம் எடுத்துப் பாருங்கள். அந்த வசதி இல்லாத இடமென்றால், இருக்கிற இடத்துக்கு உடனே அனுப்புங்கள், வீட்டுக்கு அல்ல.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு மகள்