அம்மாயியின் கன்னத்துக் கொம்பும் எங்கள் நன்றியும்

பொகவந்தலாவை

எங்கள் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கும், டிஸ்பென்சரி ஐயாவுக்கும், கண்டி ஆஸ்பத்திரியில் அம்மாயியைப் பார்த்த டொக்டர்மாருக்கும் நேர்ஸ் மிஸ்மாருக்கும்,

அம்மாயிக்கு இப்போது சுகம். இடது கன்னத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த கொம்பை எடுத்து, தையலும் பிரித்தாயிற்று. எடுத்த சதையைச் சோதிக்கும் பயொப்சியின் முடிவு வந்தபிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தோம். வந்துவிட்டது.

முதல் நன்றி டிஸ்பென்சரி ஐயாவுக்கு. நூலால் இறுக்கிக் கட்டினால் விழுந்துவிடும், சவர பிளேட்டால் சீவிவிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்ன நேரம் அது. ஐயா நிதானமாகப் பார்த்துவிட்டு, "மேலே நீட்டிக்கிட்டு இருக்கிறது கெரட்டின். நகத்திலயும் முடியிலயும் இருக்கிறதும் அதுதான். மாட்டுக் கொம்புல இருக்கிற மாதிரி உள்ளே எலும்பு கிடையாது. சீவினா திரும்ப வளரும். அடியில என்ன இருக்குன்னு பார்க்கணும், அதுதான் முக்கியம்" என்றார். அடிப்பகுதி தடித்து, தொட்டால் நோவெடுத்தது அவருக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கே கண்டிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுதான் அம்மாயியைக் காப்பாற்றியது.

பூசாரி மாமா, உங்களுக்கும் நன்றி. சிலர் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று கொம்புக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வந்தார்கள். சிலர் செய்வினை என்று பயந்து தண்ணிப் பீலியில் எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். இரண்டாலும் அம்மாயி வெளியே வருவதையே விட்டிருந்தார். "ஆத்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லுறா" என்று கோயில் வாசலில் நின்று நீங்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னபிறகுதான் வீட்டில் ஆள் சேர்வது நின்றது. யாரோ பேஸ்புக்கில் போட்ட படத்தை வீடு வீடாகப் போய் அழிக்க வைத்த மேல் லயத்து (வரிசை வீட்டு) தம்பிமாரையும் மறக்க மாட்டோம்.

கிளினிக்கில் பார்த்த டொக்டர், முகத்தை மூடியிருந்த முந்தானையை அம்மாயியே விலக்கும்வரை பொறுத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் திமான்ஷ் என்ற மூதாட்டிக்கு நெற்றியில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் கொம்பு வளர்ந்ததையும், அந்தக் காலத்திலேயே அதை வெட்டி எடுத்ததையும் சொன்னார். தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழுதுகொண்டிருந்த அம்மாயி அன்றுதான் வாய் திறந்து கேள்வி கேட்டார். வெயிலில் நெடுங்காலம் வேலை செய்த வயதானவர்களுக்கு முகத்திலும் காதிலும் கையிலும் இது வருவதுண்டாம். மலையில் குளிர் இருப்பதால் நமக்கு வெயில் உறைப்பதில்லை. ஆனால் உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. சின்ன வயதிலிருந்து கொழுந்து மலையில் நின்றவர் அம்மாயி.

பெரும்பாலான கொம்புகளின் அடியில் மருவோ வேறு சாதாரண வளர்ச்சியோதான் இருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் புற்றுநோய் இருக்கலாம். மேலே பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் விறைப்பு ஊசி போட்டு, கொம்பை அடியோடும் சுற்றியுள்ள கொஞ்சத் தோலோடும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அம்மாயிக்கு இருந்தது தோல் புற்றுநோயின் ஆரம்ப நிலை. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை, முழுவதும் எடுபட்டுவிட்டது என்று அறிக்கையில் இருக்கிறது. வெட்டி எடுத்த சதைத் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதியவரின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்கள் கும்பிடு.

சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. பஸ் செலவுக்கு லயத்தில் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கும், அன்றைய பேரை (ஒருநாள் வேலையையும் கூலியையும்) விட்டுவிட்டுத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், தெரிந்த தமிழிலேயே அம்மாயியிடம் பேசிச் சிரிக்கவைத்த சிங்கள நேர்ஸ் மிஸ்ஸுக்கும் நன்றி.

திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளத் தொடர்ந்து கிளினிக் போக வேண்டும். போவோம். வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்கிறோம். ஒதுங்கி நின்றவர்களும் வர வேண்டும் என்று அம்மாயி சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அம்மாயியின் பேத்தியும் வீட்டாரும்